ஆம், அன்று, இல்லை

(பள்ளிக்கரணையில், கணிப்பொறித் தொழில் புரியும் தமிழிளைஞர்கட்காக நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூர்க்குக் கிழக்கே கழுவெளி கிடக்கிறது. அதற்கும் அப்பால், பழைய மாமல்லபுரம் சாலையின் மருங்கில், கணிப்பொறி நிறுவனங்கள் கண்ணாடிச் சுவர்களோடு நிமிர்ந்து நிற்கின்றன. இடையில் சேறும் நாணலும், குளிர்காலத்தில் பூநாரைகள். இந்தப் பக்கத்துத் தெருக்களிலிருந்து அந்தப் பக்கத்து மாடிகளுக்கு நாள்தோறும் சென்று மீளும் தமிழிளைஞர் பலர்க்குத் தொழில், தரவுத்தளம் கட்டுதல். அத்தளத்தின் மிகச் சிறிய உறுப்பு ஒன்றைப் பற்றியதே இப்பொழிவு. ஆம் என்றோ இல்லை என்றோ மட்டுமே விடை ஏற்கும் கட்டம் அது. ஒரு கட்டத்திற்கு ஒரு பொழிவா என எண்ணற்க. ஓர் ஊரின் மழைநீர் எங்கே போகும் என்பதையே அத்தகைய கட்டம் ஒன்று முடிவு செய்திருக்கிறது.

வெள்ளையர் வகுத்த வருவாய்க் கணக்கு, நிலத்தை நோக்கிக் கேட்ட முதல் வினா ‘வரி தருமா?’ என்பது. தரும் நிலம் நன்செய், புன்செய் எனப் பெயர் பெற்றது. தராத நிலம் வரிவிதிப்புக்குப் புறம்பாய்ப் போயிற்று, புறம்போக்கு ஆயிற்று. எத்துணைப் பொருத்தமான பெயர், காண்மின்! அந்நிலம் இன்னது என்று அப்பெயர் சொல்லவில்லை. இன்னது அன்று என்று மட்டுமே சொல்கிறது. மேய்ச்சல் வெளியும் அதனுள் அடங்கும், சுடுகாடும் அடங்கும், சுற்றியுள்ள ஏரிகளின் மிகைநீரை ஏந்தி, ஒக்கியம் மடுவின் வழியாகக் கால்வாய்க்கும் கோவளத்துக் கடலுக்கும் விடும் கழுவெளியும் அடங்கும். ‘வரி தருமா?’ என்ற வினாவிற்கு ‘இல்லை’ என்று எழுதப்பட்ட விடை, காலப்போக்கில் ‘பயன் தருமா?’ என்ற வினாவின் விடையாகப் படிக்கப்பட்டது. வினா மறைந்தது, விடை மட்டும் எஞ்சியது. பயனற்றது என்று கருதப்பட்ட இடத்தில் குப்பை கொட்டினர், சாலை போட்டனர், கட்டடம் எழுப்பினர். ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் கழுவெளி, பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது.

இந்த இழப்பு முழுவதற்கும் ஒரு கட்டம் மட்டுமே கரணியம் என்று சொல்வது மிகை. பேராசைக்குப் பதிவேடு வேண்டுவதில்லை. ஆயினும் பேராசைக்கு ஊன்றுகோலாக நின்றது, வினா தெளிவில்லாத ஒரு விடையே.

தரவுத்தளத்தில் ஒரு தலைப்பின் கீழ் நிற்கும் கட்டத்தைத் தமிழில் ‘புலம்’ என்கிறோம். நிலவளவைக் கணக்கில் ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் உள்ள எண்ணைப் ‘புல எண்’ என்கிறோம். இரண்டும் ஒரே சொல்லாய் அமைந்தது நற்பேறு. புலத்தின் எல்லைக்கல் அசைந்தால் என்ன நேரும் என்று உழவனுக்குத் தெரியும். தரவுப் புலத்திற்கு எல்லைக்கல், அதன் பெயர்.

அப்பெயரை எவ்வாறு இடுவது? இதற்குப் பவணந்தியாரிடமே செல்லலாம். நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறது. சுட்டியும் மறுத்தும் உடன்பட்டும் கூறும் மூன்றும் செவ்வன் இறை. எஞ்சிய ஐந்தும் விடையின் பொருளைக் குறிப்பாற் பயப்பன. ‘மழைக்காலத்தில் இம்மனையில் நீர் நிற்குமா?’ என்று வாங்க வந்தவர் வினவுகிறார். ‘நிற்கும்’ என்பது நேர்விடை. ‘நில்லாது’ என்பது மறைவிடை. ‘கார்த்திகையில் நீங்களே வந்து பாருங்கள்’ என்றால் ஏவல் விடை. ‘நிற்காமல் இருக்குமா?’ என்று திருப்பிக் கேட்டால் வினாவெதிர் வினாதல். ‘பக்கத்து மனையில் நிற்பதில்லை’ என்றால் இனமொழி. மனைத்தரகர்க்கு மிகவும் பிடித்த விடை அதுதான். மாந்தர் எட்டையும் உணர்வர். கணிப்பொறியின் ஆம்–இல்லைப் புலமோ நேரையும் மறையையும் மட்டுமே ஏற்கும். ஆகவே, அவ்விரண்டனுள் ஒன்றாலன்றி விடையிறுக்க இயலாத வினாவாகப் பெயர் அமைதல் வேண்டும்.

ஆங்கில நிரலர் இத்தகைய புலத்திற்கு ‘ஃப்ளாக்’ என்றும் ‘ஸ்டேட்டஸ்’ என்றும் பெயரிட்டுப் பழகினர். அதைப் பார்த்த தமிழன்பர் சிலர், ‘கொடி’ என்றும் ‘நிலை’ என்றும் மொழிபெயர்த்து மகிழ்ந்தனர். மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ‘நிலை’ என்னும் தலைப்பின் கீழ் ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் எது ஆம்? நிலம் விற்கப்பட்டதா, அளக்கப்பட்டதா, வழக்கில் உள்ளதா? சொல் தூய தமிழாயிற்று; பொருள் இருளாகவே நின்றது. தமிழில் பெயரிடுவது முதற்கடன். அத்தோடு கடன் தீர்ந்தது என்று கருதுவோர் தமிழுக்கும் நலம் செய்யார், தளத்திற்கும் நலம் செய்யார். ‘அளக்கப்பட்டதா’ என்று பெயரிட்டால் ஐயத்திற்கே இடமில்லை.

இங்கே தமிழின் ஓர் ஆற்றல் வெளிப்படுகிறது. சொல்லின் இறுதியில் ஆகாரம் ஒன்று ஏறினால் போதும், பெயரும் வினையும் வினாவாகி நிற்கும். ஆங்கிலத்தார் முன்னே ‘இஸ்’ என்றும் ‘ஹேஸ்’ என்றும் ஒட்டவைத்துச் செய்வதைத் தமிழ் ஓரெழுத்தில் செய்துவிடுகிறது. உள்ளதா, கட்டப்பட்டதா, நீர் புகுந்ததா. காலத்தையும் அதே சொல் காட்டிவிடுகிறது: ‘புகுந்ததா’ என்பது நடந்ததைக் கேட்கும், ‘புகுமா’ என்பது நடக்க இருப்பதை. இவ்விரண்டையும் ஒரே புலத்தில் கலப்பவர் பலர்.

அடுத்த இடர், எதிர்மறைப் பெயர். ‘பட்டா இல்லாததா’ என்று ஒரு புலத்திற்குப் பெயரிட்டால், அதற்கு ‘இல்லை’ என்ற விடை பட்டா உண்டு எனப் பொருள்படும். இதைப் படிப்பவர் விரல் மடக்கிக் கணக்கிட வேண்டும். அதனினும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ‘சாத்தன் வரவில்லையா?’ என்று தமிழில் கேட்டால், வராதபோது ‘ஆம், வரவில்லை’ என்போம். ஆங்கிலத்தான் அதே இடத்தில் ‘நோ’ என்பான். தமிழன் வினவியவரின் கூற்றோடு உடன்படுகிறான். ஆங்கிலத்தான் நிகழ்ச்சி நடவாமையைச் சுட்டுகிறான். இரண்டும் தத்தம் மொழியில் முறையே. ஆங்கிலம் பயின்ற ஒருவரும் தமிழில் எண்ணும் ஒருவரும் அடுத்தடுத்து அமர்ந்து, ‘வரி செலுத்தவில்லையா’ என்ற ஒரே புலத்தை நிரப்புகின்றனர் என்க. வரி செலுத்தாத ஒரே வீட்டுக்கு ஒருவர் ‘ஆம்’ இடுவார்; மற்றவர் ‘இல்லை’ இடுவார். இருவரும் பிழை செய்யவில்லை; பெயரிட்டவரே பிழை செய்தார். ‘வரி செலுத்தப்பட்டதா’ என உடன்பாட்டில் கேட்டிருந்தால் இருமொழியாளரும் ஒரே விடை தந்திருப்பர்.

இனி, விடைக்கு வருவோம். ‘இல்லை’ என்று நாம் வாய்கூசாமல் எல்லாவற்றிற்கும் சொல்லும் சொல், உண்மையில் எல்லாவற்றிற்கும் உரியதன்று. ஒரு பொருளின் இருப்பை மறுப்பது ‘இல்லை’. ஒரு பொருள் இன்னொன்றாதலை மறுப்பது ‘அன்று’. ‘கிணறு உண்டா?’ – இல்லை. ‘இது கிணறா?’ – அன்று. பேச்சுத் தமிழ் இவ்வேறுபாட்டைப் பெரிதும் கைவிட்டது. மலையாளம் ‘இல்ல’, ‘அல்ல’ என்று இன்றளவும் அன்றாடப் பேச்சிலேயே காத்துவருகிறது. எழுத்துத் தமிழில் அது நம் கையில்தான் உள்ளது. இதனை இலக்கண அழகு என்று ஒதுக்கிவிட வேண்டா. பதிவேட்டில் ‘சதுப்பு’ என்று மட்டும் தலைப்பிட்டு, அதன்கீழ் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. இம்மனை சதுப்பு அன்று என்பதா? இம்மனையில் சதுப்புப் பகுதி எதுவும் இல்லை என்பதா? முன்னதாயின், பத்தில் மூன்று பங்கு சேறாக உள்ள மனையும் ‘அன்று’ என்பதில் அடங்கிவிடும். பின்னதாயின் அடங்காது. வாங்குபவரின் வாழ்நாள் சேமிப்பு இவ்விரு சொற்களின் இடைவெளியில் கிடக்கிறது. ‘சதுப்பு நிலமா’ என்ற புலத்திற்கு ஆம் – அன்று; ‘சதுப்புப் பகுதி உள்ளதா’ என்ற புலத்திற்கு உண்டு – இல்லை. திரையில் இவ்வாறே காட்டுக.

கழுவெளியையே எடுத்துக்கொண்டு இதனை இன்னும் ஆழ நோக்கலாம். ‘பாதுகாக்கப்பட்டதா’ என்று ஒரே ஒரு புலம் அமைத்தால் போதுமா? 2007ஆம் ஆண்டில் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னரும் நிலம் சேர்ந்தது. 1971இல் ஈரான் நாட்டு இராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின்கீழ், 2022ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,247 எக்டேர் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. முன்னதன் எல்லை வேறு. பின்னதன் எல்லை வேறு. ஒரு புல எண், இரண்டாவதனுள் அடங்கி முதலாவதனுள் அடங்காமல் இருத்தல் கூடும். அதற்கு ‘பாதுகாக்கப்பட்டதா’ என்று கேட்டால் காட்டுத்துறையின் 2007ஆம் ஆண்டு வரைபடத்தை வைத்திருப்பவர் ‘அன்று’ என்பார். 2022ஆம் ஆண்டு வரைபடத்தை வைத்திருப்பவர் ‘ஆம்’ என்பார்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில நெறிமுறைகள், ஈரநிலம் என்பதற்குக் கூறும் வரையறையிலிருந்து நெல்வயலையும், பாசனத்திற்கெனவும் குடிநீர்க்கெனவும் மாந்தர் அமைத்த நீர்நிலைகளையும் விலக்கிவிட்டன. இராம்சர் உடன்படிக்கையோ மாந்தர் அமைத்தவற்றையும் ஈரநிலத்துள் அடக்கும். ஏரி கட்டியே வாழ்ந்த தமிழ்நாட்டில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கழுவெளிக்கு நீர் அனுப்பும் பாசன ஏரி, கொக்குக்கு ஈரநிலம், மீனுக்கு ஈரநிலம், அந்நெறிமுறைக்கு மட்டும் ஈரநிலம் அன்று. ஆகவே ‘ஈரநிலமா’ என்ற பெயரும் நிறைவுடையதன்று. எவர் வரையறைப்படி என்பது பெயரிலேயே ஏறவேண்டும். ‘காப்புக்காட்டு எல்லைக்குள் உள்ளதா’, ‘இராம்சர் எல்லைக்குள் உள்ளதா’, ‘2017 நெறிமுறைப்படி ஈரநிலமா’ என மூன்று புலங்கள் வேண்டும். பெயர் நீள்கிறதே என்று முகஞ்சுளிப்போர்க்கு ஒன்று: நீண்ட பெயரைத் தட்டச்சிட ஆகும் நேரம் சில நொடி, குறும்பெயரின் பொருளைத் தேடி அலைய ஆகும் நேரம் சில ஆண்டு.

இதனினும் நுட்பமாக ஒன்று செய்யலாம். ‘காப்புக்காடா’ என்று கேளாமல் ‘காப்புக்காடாக அறிவித்த நாள்’ என்று கேட்டால், ஆம் என்ற விடையோடு எப்போது என்ற விடையும் ஒருங்கே கிடைக்கும். 2005இல் வாங்கியவரும் 2010இல் வாங்கியவரும் ஒரே நிலையினர் அல்லர். ஆம்–இல்லைப் புலம் எழுதுமுன் ‘இங்கே ஒரு நாளை எழுதலாமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று. பாதி இடங்களில் எழுதலாம்.

சிலவற்றிற்கு ஆம்–இல்லை அமைப்பே தகாது. பாலினத்தை ‘ஆணா’ என்று கேட்டு, ‘அன்று’ என்றால் பெண் என்று கொண்ட தளங்கள் எத்தனையோ! தொல்காப்பியமும் நன்னூலும் பேடு என்பதற்கும் இடம் வகுத்தன. 2008இல் தமிழ்நாட்டரசு திருநங்கையர்க்கு நலவாரியம் கண்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாலினத்திற்கு மூன்றாவது குறியெண்ணைத் தந்தது. பண்டே இலக்கணத்தார் எண்ணியதை நிரலர் எண்ணாமல் விடலாமா?

அக்கணக்கெடுப்பைச் சொன்னதும், எண்ணால் விடை குறிக்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2011ஆம் ஆண்டுப் படிவத்தில், குறைபாடு உடையவரா என்பது போன்ற வினாக்கட்கு ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. தாளில் எழுதும் மாந்தர்க்கு இது எளிது. கணிப்பொறியின் மரபு வேறு. சியார்சு பூல் என்னும் கணக்கறிஞர், 1854இல் வெளியிட்ட நூலில் எண்ணத்தின் நெறிகளையே கணக்காக்கி, முழுமைக்கு 1 என்றும் இன்மைக்கு 0 என்றும் குறியிட்டார். (அவர் பள்ளியாசிரியராய் இருந்து பேராசிரியரானவர், 1864இல் மழையில் நனைந்துகொண்டே நடந்து சென்று ஈர உடையோடு பாடம் நடத்தியதால் நோயுற்று மாய்ந்தார்.) இன்றும் பல நிரல்மொழிகளுக்குச் சுழி அல்லாத எண் எதுவாயினும் ‘ஆம்’. கணக்கெடுப்பின் 2ஐ அப்படியே ஆம்–இல்லைப் புலமாக ஏற்றினால், ‘இல்லை’ என்றோர் அனைவரும் ‘ஆம்’ என்றோர் ஆகிவிடுவர். மையெசுக்யூஎல் என்னும் தளத்தில் இன்னும் வேடிக்கை: 2 என்பது மெய்யா என்று வினவினால் ‘ஆம்’ என்னும்; 2 மெய்க்குச் சமமா என்று வினவினால் ‘அன்று’ என்னும்.

எண்ணுக்கு மாற்றாக எழுத்திடுவோர் உளர். ஆரக்கிள் என்னும் பெருந்தளம் 2023இல் வந்த பதிப்பில்தான் அட்டவணைப் புலங்கட்கு ஆம்–இல்லை வகையைத் தந்தது. அதுவரை ‘ஒய்’, ‘என்’ என்னும் ஆங்கில எழுத்துகளை இட்டே பலரும் காலம் தள்ளினர். தமிழில் ‘ஆ’, ‘இ’ என்று முதலெழுத்து இடலாமே என்று தோன்றும். அதே அட்டவணையில் ஆண் என்பதற்கும் ‘ஆ’ இட்டிருப்பர், கவனம் வேண்டும். முழுச்சொல் இடுவதாயின், ஒருவர் ‘ஆம்’ என்பார், ஒருவர் ‘ஆமாம்’ என்பார், மூன்றாமவர் ‘ஆம்’ என்றிட்டு ஓர் இடைவெளியும் விடுவார். கணிப்பொறிக்கு அவை மூன்றும் வேறுவேறு. நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறி ஆங்கிலத்தில் ‘நோ’ என்பது. யாமெல் என்னும் குறிமுறையின் பழைய பதிப்பு அதனை ‘இல்லை’ என்று படித்தது. பட்டியலில் ஒரு நாடே இல்லையாயிற்று! உள்ளே தளம் தந்த மெய்–பொய் வகையையே வைத்திருத்தல் வேண்டும். ஆம், அன்று, உண்டு, இல்லை என்னும் சொற்கள் திரையில் மாந்தர் காணத் தோன்றல் வேண்டும். இப்பிரிவினை தெளிவாயின் தமிழ்ச்சொல் இடுவதற்குத் தடை ஏதும் எழாது.

எல்லாவற்றினும் கொடியது வெற்றுக் கட்டம். கொற்றன் என்னும் நிரலர், புல எண்கள் பலவற்றிற்கு ‘இராம்சர் எல்லைக்குள் உள்ளதா’ என்ற புலம் அமைக்கிறார் என்க. நேரில் சென்று பார்த்தவை சில, பாராதவை பல. பாராதவற்றை வெறுமையாய் விட மனமில்லாமல், முன்னிருப்பு விடையாக ‘இல்லை’ என்று வைத்துவிடுகிறார். அந்நொடியில் ‘பார்த்தோம், இல்லை’ என்பதும் ‘பார்க்கவே இல்லை’ என்பதும் ஒன்றாகிவிட்டன. 2025ஆம் ஆண்டில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இராம்சர் தளத்தின் எல்லையும் தாக்கப் பரப்பும் அறுதியாகும் வரை அதன் சுற்றில் ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட இசைவு வழங்கலாகாது எனப் பணித்தது. அளவை முடியாத நிலத்தை ‘முடியாதது’ என்றே கொள்ளச் சொன்ன ஆணை அது. கொற்றனின் தளமோ, அளவாத நிலத்தை ‘வெளியே உள்ளது’ என்று கையெழுத்திட்டுத் தந்துவிடும். முன்னிருப்பு விடையை எப்பக்கம் வைத்தாலும் ஒருவர்க்குத் தீங்கே. விடை தெரியும்வரை வெறுமையாய் விட்டு, ‘நேரில் பார்த்த நாள்’ என்று பக்கத்திலேயே ஒரு புலம் வைப்பதே முறை.

வெறுமையை விட்டாலும் எச்சரிக்கை வேண்டும். தரவுத்தளத்திடம் ‘எல்லைக்குள் உள்ளவற்றைக் காட்டு’ என்றால் சிலவற்றைக் காட்டும். ‘எல்லைக்குள் இல்லாதவற்றைக் காட்டு’ என்றால் வேறு சிலவற்றைக் காட்டும். இரண்டையும் கூட்டினால் மொத்தம் வரும் என்று நம்புவோர் ஏமாறுவர்; வெற்றுக் கட்டம் உடையவை இரண்டிலும் வாரா. அவற்றைத் தனியே பெயர்சொல்லி அழைத்தால்தான் வரும்.

அவ்வெறுமைக்குள்ளும் இரு பொருள் உண்டு. ‘2015 திசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் புகுந்ததா’ என்று இவ்வூர் வீடுகட்கு ஒரு புலம் அமைத்தால், ஒரு வீட்டார் அப்போது வெளியூரில் இருந்தமையால் தெரியாது என்பர், அது வெறுமை. அடுத்த வீடு 2018இல் கட்டியது. அதற்கு வினாவே பொருந்தாது. அதுவும் வெறுமை. அவ்வீட்டுக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், அது வெள்ளம் காணாத வீடு என்று விலை பேசப்படும். ‘கட்டி முடித்த ஆண்டு’ என்று முன்னால் ஒரு புலம் இருந்தால் அவ்வினாவை அதனிடம் கேட்கவே வேண்டா. 2023 திசம்பரில் மீண்டும் பள்ளிக்கரணையில் நீர் ஏறியபோது அவ்வீடு இருந்தது. அதனிடம் கேட்கவேண்டிய வினா அதுதான்.